கதவடைக்காத இடத்தில் தரை துடைக்கும் நேரம்

(செவிலியர்களும் மருத்துவமனை நிர்வாகிகளும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில், ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தரை துடைப்பதைப் பற்றி ஒரு சொற்பொழிவா என்று அழைப்பிதழைப் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். சிரித்தவர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், நன்றி. இதயத்தைப் பற்றியும் சர்க்கரை நோயைப் பற்றியும் பேச இந்த ஊரில் நல்ல டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் வார்டுகளிலேயே வேலைக்காலத்தைக் கழித்தவள். அங்கே தினமும் என்னோடு மல்லுக்கு நின்ற கேள்வி, தரையை எப்போது துடைப்பது என்பதுதான்.

எப்படித் துடைப்பது என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. எதைக் கொண்டு துடைப்பது என்பதற்கு டெண்டர் இருக்கிறது. எப்போது என்பதில்தான் சிக்கல். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்தபின் கூட்டலாம். துணிக்கடையில் ஷட்டரை இறக்கிவிட்டுக் கழுவலாம். கோயிலுக்கே நடை சாத்தும் நேரம் உண்டு. மருத்துவமனைக்கு அது கிடையாது. நள்ளிரவு 2 மணிக்கும் 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கும். விடிகாலை 4 மணிக்கும் ஒருத்திக்கு வலி எடுக்கும். ஆள் நடந்துகொண்டே இருக்கும் இடத்தில், நோயாளி படுத்தே இருக்கும் இடத்தில், ஈரத் துணியோடு ஒருவர் எந்த நேரத்தில் நுழைவது?

விதி ஒன்றும் இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2015-இல் காயகல்ப் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசு மருத்துவமனைகளின் தூய்மைக்கென்று வழிகாட்டு நெறிகளும் வந்தன. மருத்துவமனையை மூன்றாகப் பிரித்தார்கள். அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறை, அவசர சிகிச்சைப் பிரிவு போன்றவை அதிக ஆபத்துள்ள இடங்கள். அங்கே 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்ய வேண்டும், இடையில் ஏதாவது சிந்தினால் அப்போதைக்கப்போது துடைக்க வேண்டும். பொது வார்டு போன்ற நடுத்தர இடங்களில் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. அலுவலகம் மாதிரியான இடங்களில் ஷிப்டுக்கு ஒன்றிரண்டு தடவை போதும். நல்ல விதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்றால் எந்தெந்த மணிக்கு? அதை அந்தந்த மருத்துவமனைதான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலான இடங்களில் அதை முடிவு செய்வது ஒப்பந்ததாரரின் ஷிப்ட் நேரம்.

இதற்கு மேலே போகுமுன் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நோய்த்தொற்றைப் பரப்புவதில் தரைக்கு முதலிடம் கிடையாது. முதலிடம் நம் கைக்குத்தான். அடுத்தபடியாகக் கை அடிக்கடி படுகிற கட்டில் கம்பி, ட்ரிப்ஸ் ஸ்டாண்ட், கதவுக் கைப்பிடி. பளபளவென்று தரையைத் துடைத்துவிட்டுக் கட்டில் கம்பியைத் தொடாமல் போகிற வார்டுகளை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். தரை கண்ணுக்குத் தெரிகிறது, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர் தரையைத்தான் பார்க்கிறார், அதனால் தரைக்கு யோகம்.

அதற்காகத் தரையை விட்டுவிடவும் முடியாது. 2016-இல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மனிதருக்குத் தீங்கு செய்யாத ஒரு வைரஸை நோயாளியின் கட்டிலருகே தரையில் தடவி வைத்தார்கள். அது நோயாளியின் கையில் கிடைத்தது, சுற்றியிருந்த பொருள்களில் கிடைத்தது, பக்கத்து அறைகளிலும் நர்ஸ்கள் உட்காரும் இடத்திலும்கூடக் கிடைத்தது. காலில் ஒட்டியது கைக்கு ஏற நெடுநேரம் ஆவதில்லை.

அதுவும் எந்தத் தரை? எல்லோரும் செருப்பும் ஷூவும் போட்டு நடக்கிற, கட்டிலுக்குக் கீழே மனிதர் யாரும் இல்லாத தரை. நம் அரசு மருத்துவமனை வார்டுக்கு வாருங்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட ஒரு ஆள். அந்த ஆளுக்குக் கட்டிலுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ ஒரு பாய். அங்கேதான் உட்காருவார், சாப்பிடுவார், தூங்குவார். தூக்குவாளியைத் தரையில் வைத்துத்தான் கஞ்சி ஊற்றுவார். தலையணை கீழே விழும். எடுத்துத் தட்டிவிட்டு நோயாளியின் தலைக்குக் கீழேயே வைப்பார். கூட்டம் மிகுந்த நாளில் நோயாளியே தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பதும் உண்டு. ஐசியூ வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதி வைத்திருக்கிறோம். உள்ளே போகிற சொந்தக்காரர் வெறுங்காலோடுதான் போகிறார். வெளிநாட்டுக் கையேடுகள் தரையை நடக்கும் இடமாகக் கணக்கில் வைத்திருக்கின்றன. நமக்கு அது படுக்கை, சாப்பாட்டு மேடை, தொட்டில் கட்டாத குழந்தை தவழும் இடம். நம் நேர அட்டவணை இதையெல்லாம் கணக்கில் சேர்த்துத்தான் எழுதப்பட வேண்டும்.

ஒரு பொது வார்டின் காலைப்பொழுதைச் சொல்கிறேன். 5 மணிக்கு விளக்குப் போட்டுவிடுவோம். ஜுரம் பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், சாப்பிடுமுன் எடுக்க வேண்டிய ரத்தத்தை எடுக்க வேண்டும். ஐந்தரைக்குள் பாய்கள் சுருட்டப்பட்டுவிடும். கூட இருப்பவர்கள் பல் துலக்கவும் டீ வாங்கவும் வெளியே போய்விடுவார்கள். நாள் முழுவதிலும் தரை வெறுமையாகத் தெரிவது அந்த முக்கால் மணி நேரம்தான். அப்போது மாப் போட வேண்டிய அம்மா எங்கே? இரவு 10 மணிக்கு டியூட்டிக்கு வந்தவர், 6 மணிக்குப் போக வேண்டும் என்று வாளியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். 6 மணி ஆள் வந்து, கையெழுத்துப் போட்டு, சூப்பர்வைசரிடம் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி) வாங்கி, தண்ணீர் பிடித்து வார்டுக்குள் வரும்போது ஆறே முக்கால். அப்போது பால், பிரெட் வண்டி உள்ளே வருகிறது. பின்னாலேயே நர்ஸ்கள் டியூட்டி மாறுகிறார்கள். கட்டில் கட்டிலாக நின்று நோயாளியை ஒப்படைக்கிறார்கள். அதே நேரத்தில் ஈர மாப். நர்ஸ் ஈரத்தை மிதித்து நடப்பார், பால் வண்டிச் சக்கரம் கறுப்புக் கோடு போடும். எட்டு மணிக்குள் தரை பழையபடி ஆகிவிடும். பிறகு ரவுண்ட்ஸ். ரவுண்ட்ஸ் முடிந்து டிரெஸ்ஸிங். புண்ணிலிருந்து எடுத்த பஞ்சு ஒன்றிரண்டு கீழே விழத்தான் செய்யும். அந்த நேரத்தில் துடைக்க ஆள் கேட்டால், "காலையிலயே மாப் போட்டாச்சே சிஸ்டர், அடுத்தது பத்தரைக்குத்தான்" என்பார்கள். அட்டவணைப்படி அவர்கள் சொல்வது சரி.

தரை அழுக்காவது கடிகாரத்தைப் பார்த்து அல்ல. டிரெஸ்ஸிங் முடிந்தால் அழுக்காகும், சாப்பாடு முடிந்தால் அழுக்காகும், பார்வையாளர் நேரம் முடிந்தால் அழுக்காகும், ஒருவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போனால் அந்தக் கட்டிலைச் சுற்றி அழுக்காகும். இந்த நான்கின் பின்னாலும் மாப்பைக் கட்டிவிடுங்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. "காலை 10.30" என்று எழுதாதீர்கள், "டிரெஸ்ஸிங் முடிந்ததும்" என்று எழுதுங்கள். "மாலை 6.00" என்று எழுதாதீர்கள், "பார்வையாளர்கள் வெளியேறியதும்" என்று எழுதுங்கள். 4 மணி நேரம் என்ற விதி அப்படியே இருக்கட்டும். எந்த நிகழ்வும் நடக்காவிட்டாலும் அந்த இடைவெளியைத் தாண்டக் கூடாது என்ற எல்லைக்கோடாக அது இருக்கட்டும். அதோடு துப்புரவுப் பணியாளரின் ஷிப்ட் மாறும் நேரத்தையும் நர்ஸ்களின் டியூட்டி மாறும் நேரத்தையும் பிரித்து வையுங்கள். காலை ஆள் 5 மணிக்கே வந்துவிட்டால் பாய் சுருட்டிய தரை அவருக்குக் கிடைக்கும். 5 மணிக்கு வருவதற்குப் பஸ் வேண்டும், பெண்களுக்குப் பாதுகாப்பான வழி வேண்டும், வந்ததும் ஒரு டீ வேண்டும். இதற்கெல்லாம் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத மனம் இருக்க வேண்டும்.

பிரசவ அறைக்கு இது இன்னும் பொருந்தும். சீமாங் மையம், அதாவது அவசர மகப்பேறு, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம் உள்ள மருத்துவமனையில் 24 மணி நேரமும் பிரசவம் நடக்கும், சிசேரியனும் நடக்கும். ஒரு இரவு அமைதியாகப் போகும்; மறு இரவு நாலு பேர் அடுத்தடுத்து வருவார்கள். அங்கே 2 மணி நேரத்துக்கொரு தடவை என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் பின்னால் அந்த டேபிளும் அதைச் சுற்றிய தரையும் சுத்தமாகி, அடுத்தவள் ஏறவேண்டும். அறுவை அரங்கில் இந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது: ஒவ்வொரு கேஸுக்கும் இடையில் ஒன்று, நாள் முடிவில் அரங்கு முழுவதையும் கழுவித் துடைப்பது ஒன்று. அவசர அறுவை நடக்கிற அரங்கில்தான் "நாள் முடிவு" எப்போது என்று தெரியாது. இரண்டு அரங்கு இருந்தால் ஒன்று மாற்றி ஒன்றுக்கு ஓய்வு கொடுத்துக் கழுவலாம். ஒன்றே ஒன்று இருந்தால் டியூட்டி டாக்டரும் தியேட்டர் சிஸ்டரும் பேசித்தான் அந்த ஒரு மணி நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காகிதம் கண்டுபிடித்துத் தராது.

அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவால்டியைப் பற்றி நீட்ட மாட்டேன். அங்கே அட்டவணை எழுதவே வேண்டாம். ஒரு ஆளை, வாளியோடும் மாப்போடும், அந்த வாசலுக்கென்றே நிறுத்தி வையுங்கள். வேறு எந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடாதீர்கள். அவ்வளவுதான்.

இதற்கு ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மருத்துவமனையில் தினமும் கதவடைக்கிற பகுதி ஒன்று உண்டு: ஓபி, அதாவது வெளிநோயாளர் பிரிவு. பல அரசு மருத்துவமனைகளில் மதியத்தோடு ஓபி கூட்டம் ஓய்ந்துவிடும். அந்தப் பெரிய கூடத்தை, மருந்து வாங்கும் இடத்தை, எக்ஸ்ரே வராந்தாவைப் பல இடங்களில் இரவில்தான் இயந்திரம் வைத்துத் தேய்க்கிறார்கள். எதற்கு? மதியம் 2 மணிக்கே அது காலி. பகல் வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கழுவலாம். நாலு மணிக்குள் காய்ந்தும் விடும். இரவு ஷிப்டில் அங்கே கட்டிப்போட்ட கைகளை அவிழ்த்துக் கேஷுவால்டிக்கும் பிரசவ அறைக்கும் அனுப்பலாம்.

இரவைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. நிர்வாகிகள் பலருக்கு இரவுதான் துப்புரவுக்கு ஏற்ற நேரம் என்ற எண்ணம். நடமாட்டம் குறைவு, வராந்தா காலி. உண்மைதான், வராந்தா காலி, வார்டு நிறைந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட இரைச்சல் பற்றிய வழிகாட்டுதலில், இரவில் வார்டுக்குள் சராசரிச் சத்தம் 30 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது, திடீர்ச் சத்தம்கூட 40-ஐத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60 வரும். தரை தேய்க்கும் இயந்திரம் அதற்கும் மேலே. தலையில் அடிபட்டவர், மார்பு பிளந்து தைக்கப்பட்டவர், மூன்று நாளாகக் கண்மூடாத கைக்குழந்தைக்காரி ஆகியோர் தூங்குகிற ஒரே பொழுதில் கதவுக்கு வெளியே அது உறுமும். ஒரு மருத்துவமனையில் இரவு ஒன்றரைக்கு அதை ஓட்டுவார்கள். காரணம் கேட்டபோது, அந்த இயந்திரத்தின் சார்ஜ் அப்போதுதான் ஏறி முடியும் என்றார்கள். நோயாளியின் தூக்கத்தை பேட்டரி முடிவு செய்தது.

இரவில் வார்டுக்குள் தரை முழுக்கப் பாய். உடம்பைச் சுற்றித்தான் துடைக்க முடியும். நட்ட நடு இரவில் எழுப்பி, "பாயை எடுங்க, மாப் போடணும்" என்று சத்தம் போடுவது துப்புரவும் ஆகாது, வைத்தியமும் ஆகாது. இரவு பத்தரைக்குள் ஒரு முழுத் துடைப்பு, பாய் விரிக்குமுன். பிறகு 5 மணி வரை வார்டுக்குள் கழிப்பறையும் சிந்தியதும் மட்டும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறதே என்று கேட்பீர்கள். நடுவில் ஒருமுறை, 2 மணிவாக்கில், விளக்குப் போடாமல் நடைபாதையை மட்டும் துடைத்துவிடலாம். ஆடிட்டுக்கு வருகிறவரிடம் காரணத்தைச் சொல்லிக்கொள்ளலாம். தூங்கவிட்டோம் என்பது நல்ல காரணம்.

துடைத்த தரை காய வேண்டும் என்பதை யாரும் நேரக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய செவிலியர் பணி பற்றிய நூலில், தனக்குத் தெரிந்த உண்மையான சுத்தத் தரை பெர்லின் நகரத்து மெருகிட்ட தரைதான் என்கிறார். காரணம், அங்கே தினமும் காலையில் ஈரத் துணியால் தேய்த்து, உடனே உலர்ந்த துணியாலும் தேய்த்துவிடுவார்கள். நம்மிடம் அந்த இரண்டாவது துணி இல்லை. ஐப்பசி அடைமழையில் சென்னை வராந்தா ஒன்றில் ஈர மாப் போட்டுவிட்டுப் பாருங்கள். அரை மணி ஆனாலும் பளபளக்கும். இடுப்பெலும்பு முறிவுக்கு வந்த பாட்டி வாக்கர் பிடித்து நடந்து வருவார். நீளவாக்கில் பாதி வராந்தாவைத் துடைத்து, உலர் மாப்பும் போட்டு, மஞ்சள் பலகை வைத்து, காய்ந்தபின் மறுபாதியைத் தொடுவது ஒன்றே வழி. இதற்கு இரட்டிப்பு நேரம் ஆகும். ஆகட்டும், அந்த நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்.

கிருமிநாசினிக்கும் நேரம் உண்டு. ரத்தம் சிந்தினால் உறிஞ்சும் துணியையோ காகிதத்தையோ போட்டு, அதன்மேல் 1 சதவீத ஹைப்போ ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுவிட வேண்டும். 5 சதவீதமாக வருகிற கேன் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றுக் கலந்ததற்கு வீரியம் இருக்காது. பாத்ரூம் ஆசிட்டோடு அதைச் சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பி, துடைக்கிறவருக்கே மூச்சு முட்டும். எல்லா இடத்துக்கும் கிருமிநாசினி தேவையும் இல்லை. ஆபீஸ் தரைக்கு சோப்புத் தண்ணீர் போதும். பினாயில் வாசம் வந்தால்தான் சுத்தம் என்று நம்புகிறவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். பச்சிளங்குழந்தைப் பிரிவில் பினாயில் வகைக் கிருமிநாசினிகளைத் தவறாகப் பயன்படுத்தியதில் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கூடியதை 1970-களிலேயே அமெரிக்காவில் கண்டறிந்திருக்கிறார்கள். அந்த அறைக்குப் பினாயில் வாளி போகக் கூடாது. துடைப்பமும் எந்த வார்டுக்குள்ளும் போகக் கூடாது. உலர்ந்த தரையைக் கூட்டினால் தூசி எழும்பிக் காயத்தின் மேல்தான் உட்காரும்.

இனி ஆள் கணக்குக்கு வருகிறேன். 30 கட்டில் வார்டை மூன்று வாளி முறையில், அதாவது சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், கிருமிநாசினி என்று மாற்றி மாற்றி முக்கி, ஒழுங்காகத் துடைக்க ஒருவருக்கு 40 நிமிடம் ஆகும் என்று வையுங்கள். இரவு ஷிப்டில் ஒருவருக்கு மூன்று வார்டு கொடுக்கிறார்கள். வார்டுக்கு இரண்டு தடவை என்றால் 4 மணி நேரம். மூன்று வார்டுக் கழிப்பறைகள், இரண்டு தடவை, தடவைக்கு 20 நிமிடம். 2 மணி நேரம். மொத்தம் 6. எட்டு மணி நேர ஷிப்டில் இன்னும் 2 மணி மிச்சம் இருக்கிறதே என்று மேசையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத் தோன்றும். அந்த 2 மணியில்தான் அவர் மருத்துவக் கழிவின் மஞ்சள் பையும் சிவப்புப் பையும் கட்டிக் கீழே இறக்குகிறார், வாந்தி துடைக்கிறார், பெட்பேன் எடுக்கிறார், ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லாதபோது அதையும் தள்ளுகிறார், இறந்தவரோடு பிணவறை வரை போகிறார். ஒரு இரவில் இரண்டு மரணம் என்றால் அட்டவணை அங்கேயே முடிந்தது.

முடிந்தாலும் காலையில் செக்லிஸ்ட் நிறைந்திருக்கும். கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் போகிற போக்கில் பாருங்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாக் கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்ட கையெழுத்து. இதைப் பிடித்து அந்த அம்மாவுக்கு மெமோ கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. செய்ய முடியாத அட்டவணையைக் கொடுத்தவர்கள் நாம். காலியாக விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். விடுபட்ட கட்டத்தைக் காலியாக விடலாம், காரணத்தை எழுதலாம், அதற்குப் பிடித்தம் கிடையாது என்று ஒரு மாதம் சொல்லிப் பாருங்கள். எந்த நேரத்தில் ஆள் போதவில்லை என்பது அந்தக் காலிக் கட்டங்களிலேயே தெரிந்துவிடும்.

துடைக்கிறவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் போக முடியாது. பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள். எந்த வார்டில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த டாக்டர் ரவுண்ட்ஸுக்குத் தாமதமாக வருவார் என்பதெல்லாம் எங்களைவிட அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் டாக்டர் உண்டு, மைக்ரோபயாலஜிஸ்ட் உண்டு, நர்ஸ் உண்டு. துப்புரவுப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் அது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர். மாப் பிடிக்கிறவர் அந்த மேசையைத் துடைக்க வருவார். மேசையைச் சுற்றி உட்கார நாற்காலி இருக்காது.

இந்த அவையில் உட்கார்ந்திருக்கும் நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த மாத அட்டவணையை எழுதும்போது வார்டு இன்சார்ஜ் சிஸ்டரையும் அந்த வார்டில் மாப் போடுகிற அம்மாவையும் எதிரெதிரே உட்காரவைத்து எழுதுங்கள்; அந்த ஒரு மணி நேரத்தையும் அவருக்குச் சம்பள நேரமாகவே கணக்கிடுங்கள். பொதுமக்களிடம் ஒன்று: நாளை யாருக்காவது துணைக்கு மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், வாளியோடு அவர் வரும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்திருங்கள், தரை காயும்வரை கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.